ஊசிக் கணக்கு

மருத்துவத்தில் மோசமாகப் பெயர் வைக்கப்பட்டவற்றுக்கு ஒரு போட்டி நடத்தினால் என் ஓட்டு 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்பதற்குத்தான். 'லூபஸ் நோயில் காணப்படும் உறைவு எதிர்ப்பான்' என்று அதற்குப் பொருள். எனக்கு லூபஸ் கிடையாது. அது உறைவை எதிர்ப்பதும் இல்லை. சோதனைக் குழாயில் என் ரத்தம் உறைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். உடம்புக்குள் அதே ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறையப் பார்க்கும். 1950களில் லூபஸ் நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் இதைப் பார்த்தவர்கள் குழாயில் கண்டதை வைத்துப் பேசினார்கள், அந்தப் பேச்சே பெயராக ஒட்டிக்கொண்டது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது புதிதல்ல. யாரோ அவசரத்தில் ஒரு மாறிக்குத் தப்பான பெயர் வைப்பார், பத்து வருடம் கழித்து நூறு இடங்களில் அது பயன்பாட்டில் இருக்கும், யாரும் கை வைக்கத் துணிய மாட்டார்கள். ஆனால் இந்த மாறி என் ரத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்குள் இரண்டு முறை கர்ப்பமாகி, இரண்டும் கலைந்திருந்தன.

முதலாவது ஒன்பதாவது வாரத்தில். அது நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்றார்கள், உண்மையும்கூட. இரண்டாவது இருபத்து மூன்றாவது வாரத்தில். ஸ்கேன் எடுத்த பெண் திரையை மெல்ல தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை நான்கு வாரம் பின்தங்கிய அளவில் இருந்தது, இதயத் துடிப்பு இல்லை. மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

எழுத வேண்டியது அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த ஒன்றை. தமிழ்நாட்டில் கர்ப்பிணி முதல்முறை மருத்துவரிடம் போனதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் விடிஆர்எல் என்று ஒன்று உண்டு. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கானது. எனக்கு அது லேசாகப் 'பாசிட்டிவ்' என்று வந்தது. அந்தத் தாளை முதலில் வாங்கியவர் என் மாமியார். அவர் படித்தவர், எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பிரச்சினை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. என் கணவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. எனக்கு உறுதிப்படுத்தும் பரிசோதனையும் செய்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. "லேப் மிஸ்டேக்கா இருக்கும், விடுங்க" என்றார் அந்த மருத்துவர். நான்கு நாள் கழித்து வீடு மறுபடி பேச ஆரம்பித்தது.

அது லேப் மிஸ்டேக் இல்லை. விடிஆர்எல் சோதனை சிபிலிஸ் கிருமியைத் தேடுவதே இல்லை. கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தக் கொழுப்பை 1941இல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார், பெயரிலேயே இதயம் இருக்கிறது. சிபிலிஸ் வந்தவர்களுக்கு அந்த எதிர்ப்புரதம் உண்டாகும். அது வராத சிலருக்கும் உண்டாகும். எனக்கு இருந்தது இரண்டாவது வகை. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பின் செல்சவ்வுக் கொழுப்புகளோடும் அவற்றில் ஒட்டும் புரதங்களோடும் சண்டைக்கு நிற்கும் நிலை. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏபிஎஸ். ரத்தக்கட்டு, திரும்பத் திரும்பக் கரு கலைதல், பொய்யாக வரும் விடிஆர்எல், மூன்றும் ஒரே வீட்டின் மூன்று ஜன்னல்கள். என் ஃபைலில் அதில் இரண்டு திறந்தே கிடந்தன.

இருபத்து மூன்றாவது வார இழப்புக்குப் பிறகு அம்மா என்னைப் பனமலைக்கு அழைத்துப் போய்விட்டார். செஞ்சி – விழுப்புரம் சாலையிலிருந்து அனந்தபுரம் பக்கம் உள்ளே போக வேண்டிய ஊர். பெரிய ஏரி, அதன் ஓரத்துக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோவில். வெளியூர்க்காரர்கள் வருவது அங்கே ஒரு சிறு சன்னதிச் சுவரில் மிஞ்சியிருக்கும் ஓவியத்துக்காக. குடை நிழலில், ஒரு காலை மடக்கிச் சுவரோடு சாய்ந்து நிற்கும் உமை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் ஆட்டம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பார்வை மட்டும் பாக்கி.

ஊரில் எனக்கான விளக்கங்கள் தயாராக இருந்தன. பப்பாளி சாப்பிட்டிருப்பாள். ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், சூடு. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு முடிந்து வைத்ததைச் செய்யவில்லை. எல்லாம் அன்பாகத்தான் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் குற்றவாளி ஒருத்திதான். நோயின் பெயர் தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஒருவகை விடுதலை. பப்பாளி இல்லை, மடிக்கணினி இல்லை. பெயர் தப்பான பெயர்தான், பரவாயில்லை.

பெயர் கிடைக்கவும் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட இந்த எதிர்ப்புரதங்கள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகும். அதனால் ஒருமுறை இருந்தால் போதாது, குறைந்தது பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து அப்போதும் இருந்தால்தான் நோய் என்று எண்ண வேண்டும். புதுச்சேரியில் எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் இதில் கறாராக இருந்தார். "அவசரப்பட்டா ஒரு வருஷத்துக்கு ஊசி போட்டுக்கணும்மா. போடறதுக்கு முன்னாடி எதுக்குன்னு தெரியணும்."

அவருடைய கறாருக்குக் காரணம் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. கரு கலைந்தவர்களுக்கெல்லாம் 'ரத்தம் கெட்டியாகுது' என்று சொல்லி ஹெப்பாரின் எழுதுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு மரபணுப் பரிசோதனைப் பட்டியல் ஒன்றும் நீட்டுகிறார்கள். அதில் எம்டிஎச்எஃப்ஆர் என்பதைச் சோதித்து எந்தப் பயனும் இல்லை என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்லிவிட்டன. பரம்பரையாக உறைவுக் கோளாறு இருந்து, திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களிடம் ஹெப்பாரின் உதவுகிறதா என்று பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, போடாதவர்களில் 71 சதவீதம். அதாவது ஒன்றும் இல்லை. ஏபிஎஸ் கதை வேறு. 1997இல் லண்டனில் 90 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் உயிரோடு குழந்தை பிறந்தது. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்தவை எல்லாம் இதே அளவு வித்தியாசத்தைக் காட்டவும் இல்லை. ஆனாலும் இன்றுவரை என்னைப் போன்றவர்களுக்கு எழுதப்படும் மருந்துச் சீட்டின் அடியில் இருப்பது அந்த இரண்டு எண்கள்தான். நஞ்சுக்கொடியில் ரத்தக்கட்டு விழுவதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். இப்போது அது மட்டுமில்லை, கரு பதியும் இடத்தின் செல்களையே இந்த எதிர்ப்புரதங்கள் தொந்தரவு செய்கின்றன என்கிறார்கள்.

மூன்றாவது முறை கோடு இரண்டாக வந்த வாரத்திலேயே ஆரம்பித்தாயிற்று. தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒரு மாத்திரை, 40 மில்லிகிராம் எனாக்ஸாபரின் ஒரு ஊசி. இது எனக்கு என் எடையையும் ரத்த அறிக்கையையும் பார்த்து எழுதிய அளவு, யாரும் இதைப் பார்த்து எதுவும் வாங்க வேண்டாம்.

ஊசி மருந்து நிரப்பப்பட்டே வரும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருக்கும், அதை வெளியேற்றக் கூடாது, மருந்து முழுசாக உள்ளே போக அதுதான் கடைசியில் தள்ளிக் கொடுக்கும். தொப்புளை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, செங்குத்தாகக் குத்த வேண்டும். எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. நம் கை தன்னாலே தேய்க்கப் போகும், தேய்த்தால் நீலம் பாரிக்கும். தேய்க்காவிட்டாலும் பாரிக்கும், கொஞ்சம் குறைவாக. ஒற்றைப்படைத் தேதி வலது, இரட்டைப்படை இடது. முதல் மாதத்தில் என் வயிறு பழைய உலக வரைபடம் மாதிரி ஆகிவிட்டது.

அம்மாவால் பார்க்க முடியாது. இரவு ஒன்பது மணி ஆனால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார், அங்கிருந்து "ஆச்சா?" என்று குரல் மட்டும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் ஆயாதான். எண்பத்தைந்து வயது. தினமும் அதே கேள்வி: "யம்மாடி, இது புள்ளைக்குப் போவுமா?"

போகாது ஆயா. ஹெப்பாரினின் சிறப்பே அதுதான். மூலக்கூறு பெரியது, மின்னூட்டம் கொண்டது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைகள் தாண்டும். வார்ஃபரினின் வரலாறு தனிக் கதை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தீவனத்திலிருந்து கிடைத்த பொருளின் வழியில் முதலில் எலிப் பாஷாணமும் பிறகு மனிதர்களுக்கான மருந்தும் வந்தன. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அது குழந்தையின் எலும்பையும் மூக்கையும் கெடுக்கலாம்.

புதுச்சேரிக் காத்திருப்பு அறையில் எனக்குப் பழக்கமான ஒரு பெண்ணுக்கு இதுதான் சிக்கல். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்தியவள். மாத்திரையை நிறுத்தினால் வால்வில் கட்டி விழலாம், அது அவளுக்கு ஆபத்து. தொடர்ந்தால் குழந்தைக்கு. அவளுடைய மருத்துவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே வாரக் கணக்கில் மாற்றி மாற்றி மருந்து கொடுத்தார்கள். "உங்களுக்கு ஒரு ஊசிதானே அக்கா" என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. அதே அறையில் இன்னொரு பெண், முஸ்லிம், இந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறாள். உண்மைதான், ஹெப்பாரின் இன்றும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஊர் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். உயிர் விஷயம், வேறு வழியில்லை என்றால் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து எடுத்த ஒன்று நேர் எதிராக, உறைய விடாமல் தடுத்தது. ஈரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெப்பாரின். நூறு வருடம் கழித்தும் இந்த மருந்து இறைச்சிக் கூடத்தை நம்பியே இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு சீனத்துப் பன்றிகளை. 2008இல் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் ஹெப்பாரின் மாதிரியே நடிக்கும் மலிவான சரக்கு ஒன்று கலந்திருந்தது. வழக்கமான தரச் சோதனைகளில் அது தேறிவிட்டது, அமெரிக்காவில் பலர் இறந்தபின் கண்டுபிடித்தார்கள். ராத்திரி தூக்கம் வராதபோது இதையெல்லாம் படிப்பது நல்லதல்ல. படித்தேன்.

மேயில் வேறு தொல்லை. பெட்டியில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மே மாதத்தில் 25 டிகிரி என்பது விடியற்காலை நாலு மணிக்குக்கூடக் கிடைக்காது. உறையவும் கூடாது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஃபிரிட்ஜ் கதவின் கீழ்த்தட்டில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தோம். கரண்ட் போனால் அம்மா மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவை இறக்கிவிடுவார். ஒரு ஊசி சில நூறு ரூபாய், எனக்கு ஐடி சம்பளம் இருந்தது. இது இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று ஊர் நர்ஸம்மாவிடம் கேட்டேன். என் தாய்சேய் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டே, "ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அனுப்புவோம். கண்டுபிடிச்சாத்தானே அனுப்பறது?" என்றார்.

அவர் சொன்னதில் என் கேள்விக்குப் பதிலைவிட அதிகம் இருந்தது. கர்ப்பத்தில் எந்தப் பெண்ணின் ரத்தமும் சுலபமாக உறையும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகாமல் இருக்க உடம்பு செய்யும் முன்னேற்பாடு அது. உறைவுப் புரதங்கள் ஏறுகின்றன, தடுப்புப் புரதங்களில் முக்கியமான ஒன்று இறங்குகிறது. போதாததற்குக் கருப்பை அடிவயிற்று நரம்பை அழுத்துகிறது, அதிலும் இடது பக்கம். கர்ப்பிணிக்கு வரும் கால் ரத்தக்கட்டுகளில் பெரும்பாலானவை இடது காலில் வருவது அதனால்தான். ஒற்றைக் கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், காத்திருக்கக் கூடாது. ஊரில் 'நீர் எறங்கியிருக்கு' என்று சொல்லி உப்பைக் குறைப்பார்கள். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் அது வேறு. ஒற்றைக் கால் என்பதுதான் குறிப்பு. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பிரசவித்தவளின் வீங்கிய வெளிறிய காலைப் பார்த்து, பால் மார்புக்கு ஏறாமல் காலுக்கு இறங்கிவிட்டது என்று நம்பியிருக்கிறார்கள்.

ஏழாம் மாதம் பனமலையில் வளைகாப்பு. கை நிறைய வளையல் சத்தத்தோடு அன்று ராத்திரியும் ஒன்பது மணிக்கு ஊசி. வயிறு இறுகிப்போய்ச் சதை பிடிபடவில்லை, பக்கவாட்டில் தேட வேண்டியிருந்தது. ஆயா அன்று கேள்வியை மாற்றினாள்.

"எனக்கு அஞ்சு போச்சு. அஞ்சாவது கையி காலெல்லாம் வந்துட்ச்சி. அப்பறந்தான் உங்கம்மா. இந்த ஊசி அப்ப இருந்திருந்தா நின்னிருக்குமா?"

தெரியாது ஆயா என்றேன். உண்மையில் தெரியாது. அப்போது இந்த நோய்க்குப் பெயரே இல்லை. அவளுடைய ரத்தத்தை அன்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்து ராணி ஆன் பதினேழு முறை கர்ப்பமாகி ஒரு பிள்ளையையும் பெரியவனாகப் பார்க்காமல் 1714இல் இறந்தாள். அவளுக்கும் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம் என்று சில மருத்துவர்கள் இப்போது ஊகிக்கிறார்கள். ராணி என்பதால் மூன்று நூற்றாண்டு கழித்தாவது ஊகம். ஆயாவின் ஐந்துக்கும் ஏரிக்கரையில் இடம்கூட அடையாளம் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போட்டுக்கோ" என்றாள்.

முப்பத்து நான்காவது வாரம் முதல் புதுச்சேரியில், மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். திட்டம் இதுதான்: முப்பத்தேழாவது வாரத்தில் தேதி குறித்து, முந்தின இரவு ஊசியை நிறுத்தி, வலி வரவழைப்பது. காரணம் முதுகுத்தண்டு ஊசி. ஹெப்பாரின் உடம்பில் இருக்கும்போது தண்டுவடத்தின் அருகில் ஊசி இறக்கினால் அங்கே ரத்தம் கசிந்து கட்டி, கால்கள் செயலிழக்கலாம். என் அளவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

குழந்தை திட்டத்தைப் படித்திருக்கவில்லை. முப்பத்தாறு வாரம் நான்கு நாளில், இரவு ஒன்பதுக்கு ஊசி போட்டு, இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. மயக்க மருத்துவர் வந்து முதலில் கேட்ட கேள்வி, "கடைசி ஊசி எத்தனை மணிக்கு?" ஒன்பது என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப காலைல ஒன்பது வரைக்கும் முதுகுல ஊசி கிடையாது. அதுக்குள்ள அவசரம்னா முழு மயக்கம்தான். சரியா?" இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. வலியில்கூட அது பிடித்திருந்தது.

ஆறரை வரை குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வலிக்கும் இறங்கி, தாமதமாக ஏறியது. காகிதத்தில் பள்ளம் பள்ளமாக வந்தது. ஏழு இருபதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். என் கணவர் கதவு வரை வந்தார், கையில் என் வளையல்கள். முகத்தில் மாஸ்க் வைக்கும்போது கடிகாரம் ஏழு நாற்பது. ஒன்பதுக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம்.

முதல் அழுகையை நான் கேட்கவில்லை. பெண் குழந்தை, 2 கிலோ 100. கண் விழித்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை "அழுதுச்சி". எத்தனை முறை கேட்டேனோ, அத்தனை முறையும் சொல்லியிருக்கிறார். நஞ்சுக்கொடி சின்னதாக இருந்ததாம், அங்கங்கே வெளிறிய திட்டுகள்.

இதோடு முடிந்தது என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். ரத்தக்கட்டுக்கு ஆபத்து அதிகம் உள்ள காலம் அப்போதுதான் தொடங்குகிறது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம். என் தையலிலிருந்து ரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுநாளே ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் என்றால் 42 நாள். பிரசவ மரணத்தைக் கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையும் அதே 42 நாள்தான். நம் வீடுகளில் தீட்டுக் கணக்கு நாற்பது. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதற்குள் செய்யச் சொல்வதுதான் தலைகீழ். பனமலையில் பச்சை உடம்புக்காரி படுத்தே இருக்க வேண்டும், தண்ணீரை வாய் நனைக்கிற அளவுதான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தொங்கிவிடும். மருத்துவர் நட, நிறையத் தண்ணீர் குடி, இறுக்கமான காலுறை போடு என்கிறார். அம்மாவோடு நான் ஜென்மத்தில் போடாத சண்டையெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீருக்காகப் போட்டேன். கடைசியில் நர்ஸம்மா வந்து உட்கார்ந்து, "ரத்தம் பாயசம் மாதிரி ஆயிடும்மா, தண்ணி குடுங்க" என்றார். ஊசியும் ஆய்வும் நானும் சொல்லிக் கேட்காதது பாயசத்துக்குக் கேட்டது.

போட்ட ஊசிகளை ஒரு ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் சேர்த்து வைத்திருந்தேன். குப்பையில் போடக் கூடாது, பொறுக்குகிறவர்கள் கையில் குத்தும். இருநூற்று ஐம்பதுக்கு மேல் இருக்கும். நாற்பத்து இரண்டாம் நாள் கடைசி ஊசியைப் போட்டு, கேனுக்கு மூடி திருகி டேப் சுற்றித் திண்ணையில் வைத்தேன், மறுநாள் நர்ஸம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாத ஆயா கைக்கு அகப்பட்ட கேனை எடுத்து, கிலுகிலுப்பை மாதிரி அதன் முகத்துக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போட்ட கத்தலில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.